1,60,000 கி.மீ. ஓடிய ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா?

இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கிறது என்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான், 1,60,000 கி.மீ. ஓடியிருப்பது அல்ல.

இது ரோட்டரி இன்ஜின், மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது, அதற்குப் பதில் ரோட்டர் என்ற முக்கோணத் துண்டு சுழலும். ரோட்டர் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் தேய்ந்தால் கம்ப்ரெஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்து, சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண மீட்டர் உதவாது, இரண்டு ரோட்டருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக மும்மூன்று அளவு தனித்தனியாக வர வேண்டும். இன்ஜின் 250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 250 சுற்று) சுழலும்போது அந்த அளவுகளில் ஒன்று 680 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்குக் கீழே போனாலும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான், அந்தச் செலவு சில நேரம் காரின் விலையையே தாண்டிவிடும். விற்பவர் டெஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பேட்டரியோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ சோர்ந்திருந்தாலும் இதே தொந்தரவு வரும், அதனால் டெஸ்ட்டுக்கு முன்பே கார் மோசம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். அப்புறம், இந்த இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி.