இருட்டில் இரண்டு மீட்டர்

அன்புள்ள ஐயா,

வார இறுதிகளில் ஓர் இரவு விடுதிக்காகப் படம் எடுக்கிறேன். ஆடுபவர்களின் முகங்கள்தான் அவர்களுக்கு வேண்டும். மிரர்லெஸ் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்துதான் வைக்கிறேன். ஆனாலும் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது, பாதிப் படங்களில் முகம் மழுங்கிவிடுகிறது. எஃப் 1.2 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? ஐஎஸ்ஓ எதுவரை ஏற்றலாம்? கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை நம்பலாமா? ஃப்ளாஷ் எனக்குப் பிடிக்காது. அடித்தால் அந்த இடத்தின் மூடே செத்துவிடுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையது வந்த நேரத்தில், இரவு விடுதியில் ஃப்ளாஷ் அடித்துப் படம் எடுத்த பில்லி மங்க் என்பவரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் தப்பித்தீர்கள்.

லென்ஸ் வேண்டாம். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, உங்கள் இஷ்டத்துக்கு ஏற்றுங்கள். ஏற்றினால் படத்தில் புள்ளி விழும், ஆனால் புள்ளி விழுந்ததால் கெட்டுப்போன நல்ல படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கண்ணைத் தேடும் வசதிக்குக் கண்ணில் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும், உங்கள் விடுதியில் அது இருக்காது.

கணக்கைப் பாருங்கள். முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து இரண்டு மீட்டரில் நிற்பவரைப் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 13 செ.மீ. ஆடுகிறவர் ஒரு தாளத்துக்குச் சாய்ந்தாலே அதைத் தாண்டிவிடுவார். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிதாகும், தெளிவின் ஆழம் குறையும். 1.2 வாங்கினால் இந்த 13 செ.மீ.யும் சுருங்கும். கேமராவையும் திட்டாதீர்கள். ஆட்டோஃபோகஸுக்கு ஒரு விளிம்பு வேண்டும், கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் ஒரு கோடு. இருட்டில் கன்னத்தில் ஏது கோடு? போதாததற்குப் புகை போடுகிறார்கள். பாவம், அது பின்னால் மின்னும் எல்இடியைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடிச் சட்டம், சட்டைக் காலர், நெற்றியில் முடி தொடங்கும் இடம் இவற்றைக் காட்டினால் கொஞ்சம் அடங்கும். (லேசர் ஓடும் மேடைப்பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். நேராக விழுந்தால் சென்சார் கெட்டுப்போகலாம்.)

இன்னொன்று. மழுங்கியதெல்லாம் ஃபோகஸ் தவறு ஆகாது. காது தெளிவாக இருந்து கண் மட்டும் மழுங்கியிருந்தால் அது ஃபோகஸ். முகம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், இல்லை உங்கள் கை அசைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்துதான். அதைத்தான் நீங்கள் பிடிக்காது என்கிறீர்கள்.

ஃப்ளாஷ் அடித்தால் மூடு செத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய மூடு? ஆடுகிறவர்கள் கேட்டார்களா? ஃப்ளாஷ் அடித்தால் நீங்கள் அங்கே நிற்பது தெரிந்துவிடும், அதுதான் உங்கள் சங்கடம். தூணோரம் நின்று, யாருக்கும் தெரியாமல், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் முகங்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் எஃப் 1.4. கோபித்துக்கொள்ளாதீர்கள், கூச்சம் எனக்கும் தெரியும். ஆனால் கூச்சத்துக்கு அழகியல் என்று பெயர் வைக்காதீர்கள்.

பில்லி மங்க் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கேட்டகோம்ப்ஸ் என்ற விடுதியின் பவுன்சர், வாசலில் நிற்கும் காவலாள். 1960களின் கடைசி வருடங்களில் ஒரு பென்டாக்ஸ் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், ஒரு சின்ன ஃப்ளாஷ். இவ்வளவுதான் அவருடைய சொத்து. வந்தவர்களைப் படம் எடுத்து அவர்களுக்கே விற்றார். வெள்ளையரும் மற்ற நிறத்தவரும் உறவு கொள்வதையே சட்டம் குற்றமாக்கியிருந்த நாடு அது. ஒரு படம் போலீஸ் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்கள்தான் இந்த மனிதரின் ஃப்ளாஷுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூடு செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 1982இல் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் படங்களுக்கு முதல் கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்கும் முன்பே ஒரு சண்டையில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மாலியில் புகைப்படக் கலைஞர் மாலிக் சிதிபே 1963இல் எடுத்த கிறிஸ்துமஸ் இரவு நடனமும் ஃப்ளாஷில் எடுத்ததுதான். தெருவிலும் மதுக்கடையிலும் திரிந்த நியூயார்க் செய்திப் புகைப்படக்காரர் வீஜீ எஃப் 16, பத்தடி என்று முன்கூட்டியே வைத்துவிட்டுக் கிளம்புவாராம். யாரும் இருட்டில் ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

தூரம்தான் விஷயம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தானியங்கி ஃப்ளாஷுக்கு முந்தைய காலத்து ஆள். ஃப்ளாஷின் கைடு நம்பரை, அதாவது அதன் பலத்தைச் சொல்லும் எண்ணை, தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர், லென்ஸ் துளைக்கு வைக்க வேண்டிய எஃப் எண். 32 என்றால் இரண்டு மீட்டரில் எஃப் 16, நான்கு மீட்டரில் எஃப் 8. தூரம் தப்பினால் ஃபோகஸும் போச்சு, வெளிச்சமும் போச்சு. அறை விளக்கை அணைத்துவிட்டு யாரையாவது ஒரு மூலையில் நிற்கவைத்துப் பேசச் சொல்வார். குரலை வைத்து எத்தனை மீட்டர் என்று நாங்கள் சொல்ல வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு டேப்பால் அளப்பார். அரை மீட்டர் தப்பினால் அன்று முழுக்கத் திட்டு. அவர் திட்டுக்குப் பயந்து கற்றது இன்றுவரை கையில் இருக்கிறது.

விடுதியில் குரல் கேட்காது. அதனால் கையால் அளந்துகொள்ளுங்கள். நீங்களும் எதிரில் இருப்பவரும் கைநீட்டினால் விரல்கள் தொடும் இடம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஓர் எட்டு பின்னால் வைத்தால் இரண்டு. கூட்டம் வருவதற்கு முன், விளக்குகள் எரியும்போதே ஒரு நாற்காலியை இரண்டு மீட்டரில் போட்டு ஃபோகஸ் பிடித்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கேமராவை அணைக்காதீர்கள், சில லென்ஸ்கள் அந்த இடத்தை மறந்துவிடும். அபர்ச்சரை எஃப் 8இல் வையுங்கள். இப்போது உங்கள் 13 செ.மீ. கிட்டத்தட்ட 80 செ.மீ. ஆகிறது. 28 மி.மீ. லென்ஸ் இரவல் கிடைத்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர்வரை தெளிவு. ஷட்டர் விநாடியில் 15இல் ஒரு பங்கு. பயப்படாதீர்கள். சக்தியைக் குறைத்து வைத்த சிறு ஃப்ளாஷ் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் எரியும், முகம் அதில் உறைந்துவிடும். பின்னால் விளக்குகள் கோடிழுக்கும். நீங்கள் ஏங்கும் மூடு அங்கேதான் கிடைக்கும்.

பக்கத்தில் போய், கேமராவைக் காட்டி, தலையசைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்று கைகாட்டினால் விட்டுவிடுங்கள். சிலர் யாரும் பார்க்கக் கூடாதென்றே அங்கே வருகிறார்கள்.

எடுத்ததை எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன். எஃப் 1.4இல் எடுத்தவை மட்டும் வேண்டாம்.