இன்றைய சோல் ஆல்பங்கள் எல்லாம் எழுபதுகளின் நகல்கள்தானா?

சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகையின் பழைய ஒலியை அப்படியே போலிசெய்யும் ஆல்பங்களைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அந்தச் சலிப்பு எனக்கும் இருந்தது. அதைப் போக்கியது, உகாண்டாவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பாடகர் மைக்கேல் கிவானுகா 2019-இல் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம். தம் குடும்பப் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்.

எழுபதுகளின் அமெரிக்க சோல் பாடகர்களான மார்வின் கே, கர்ட்டிஸ் மேஃபீல்டு ஆகியோருடன் சோல் முடிந்துவிட்டது என்போர் இங்கே முகம் சுளிக்கக்கூடும். அந்த மேதைகளை நானும் உயிராகப் போற்றுபவன்தான். அவர்களுக்கு இணையாக ஒருவரை நிறுத்துவது என் நோக்கமன்று.

ஓர் இரவு ரயில் பயணத்தில், ஹெட்ஃபோனில், 'ஹீரோ' என்ற பாடலை முதன்முதலாகக் கேட்டேன். பழைய ஒலிநாடாவிலிருந்து வருவதுபோல் மங்கலான கிதாரும் குரலும் தொடங்கின. சற்று நேரத்தில் டிரம்ஸும் கரகரப்பான எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்து காதை நிறைத்தன. ஊர் வந்து சேர்ந்ததும் அப்பாடலின் பின்னணியைத் தேடிப் படித்தேன். 1969 டிசம்பரில் சிகாகோவில் போலீஸ் சுட்டுக் கொன்ற கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் இல்லினாய் மாநிலத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனை நினைத்து எழுதியது அது. கொல்லப்பட்டபோது ஹாம்ப்டனுக்கு வயது 21. ஆனால் பாடலில் பேசுபவர், இன்னொருவரையும் கொன்றுவிட்டார்கள் என்ற இன்றைய செய்தியைக் கேட்டுக் கலங்குகிறார். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதே துயரம் தொடர்வதால்தான் அந்தப் பழைய ஒலி அங்கே பொருந்துகிறது. வெறும் அலங்காரத்துக்காகப் பழமையைப் பூசிக்கொண்ட ஆல்பங்களிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

தயாரிப்பாளர்களான டேஞ்சர் மவுஸும் இன்ஃப்ளோவும் ஹிப்-ஹாப்பில் ஊறியவர்கள். ஆகவே வயலின்களுக்கும் கோரஸுக்கும் அடியில் தாளம் இக்காலத்துக்குரிய கனத்துடன் நடக்கிறது. 2020-இல், பிரிட்டன், அயர்லாந்து கலைஞர்களின் சிறந்த ஆல்பத்துக்கு வழங்கப்படும் மெர்க்குரி பரிசு கிடைத்தது இதன் தகுதிக்குத்தான். விருதைப் பார்த்து மயங்கினேன் என்று யாரும் எண்ண வேண்டாம், அதற்கு முன்பே இந்த ஆல்பம் என்னை ஆட்கொண்டிருந்தது.

ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். பாடல்களுக்கிடையே அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டக் காலத்துக் குரல்கள் வரும் சிறு இணைப்புப் பகுதிகள் உள்ளன. நான் பயன்படுத்தும் செயலியோ அந்த இடத்தில் பற்பசை விளம்பரத்தை நுழைக்கிறது. கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. வரிசையைக் கலைத்துக் கேட்டாலும் இதே கதிதான். ஏறத்தாழ 50 நிமிடங்களை ஒதுக்கி, முதல் பாடலிலிருந்து இறுதிவரை இடைவெளியின்றி கேளுங்கள்.