சவூதியில் தமிழ் உணவகம் திறந்தால் மெனு கார்டு அரபியில் இருந்தே ஆக வேண்டுமா?

ஆமாம், அரபி கட்டாயம். கூடவே ஆங்கிலமும் தமிழும் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அரபியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அச்சடிப்பதுதான் கூடாது. பில்லுக்கும் இதே கதைதான். 2021 டிசம்பர் 4 முதல் வரி பதிவு செய்த கடைகளில் கையால் எழுதிய பில் செல்லாது. கணினியில் வரும் பில்லிலும் அரபி இருக்க வேண்டும்.

தம்மாமில் உணவகங்களுக்கு மெனு வடிவமைத்துத் தருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். செலவு குறைவு என்று சென்னையிலோ சிவகாசியிலோ அச்சடிப்பதாக இருந்தால், அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப்பை அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வர வேண்டியவை. அரபிக்கு ஏற்றதல்லாத மென்பொருளில் கொண்டுபோய் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். நம் கண்ணுக்கு அதுவும் அரபி மாதிரியேதான் தெரியும். படிக்கிறவருக்கு ஒரு சொல்கூடத் தேறாது. புத்தக வடிவில் போடுவதானால் அரபிப் பகுதி வலப்பக்க அட்டையிலிருந்து தொடங்கட்டும். ஒரே தாள் என்றால் அரபி வலம், ஆங்கிலம் இடம், விலை நடுவில் என்று வைத்தால் இரண்டு பேருக்கும் வசதி.

அப்புறம், 'மசால் தோசை' என்பதை அப்படியே அரபி எழுத்தில் எழுதி நிறுத்திவிடாதீர்கள். முதல்முறை வரும் சவூதிக் குடும்பத்துக்கு அதிலிருந்து என்ன தெரியும்? அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் சுட்டது, உள்ளே உருளைக்கிழங்கு என்று கீழே ஒரு வரி சேருங்கள். முந்திரி, வேர்க்கடலை, எள், பால் சேர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வாமை உள்ள குழந்தை சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த வரிக்கு இடமில்லை என்று முதலாளி சொன்னால் நான் படத்தைச் சின்னதாக்குவேனே தவிர, வரியை எடுக்க மாட்டேன்.

விலையை 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தே போட வேண்டும். ஒவ்வொரு உணவுக்கும் கலோரி காட்டுவது 2019 முதல் கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் உப்பு அதிகமுள்ள உணவுக்குப் பக்கத்தில் உப்புக்குடுவைப் படமும், காபி, டீ போன்றவற்றுக்குக் கஃபீன் அளவும் வேண்டும். ஃபில்டர் காபி விற்பதாக இருந்தால் அதற்கும் இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள்.