ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற குறியாக்க நிரலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதைப் புதுப்பித்தால் மட்டும் போதுமா?

பல சமயம் போதாது. அதைக் கொண்டு உருவாக்கிய பழைய சாவிகளையும் (தகவலைப் பூட்டவும் அடையாளத்தை நிரூபிக்கவும் பயன்படும் ரகசிய எண்கள்) மாற்ற வேண்டியிருக்கும். 2006இல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம், தன் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பிலிருந்து சோதனைக் கருவி எச்சரித்த வரிகளை நீக்கியது. சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மையை ஊட்டியதே அவற்றில் ஒரு வரிதான்! எஞ்சியது செயல்முறை எண், அதாவது இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் எண் மட்டும். அதற்கு வழக்கமாக 32,768 மதிப்புகளே உண்டு. ஆகவே ஒரு வகைக் கணினியில், ஒரு சாவி நீளத்துக்கு, ஏறக்குறைய அத்தனை சாவிகளே உருவாக முடியும். தாக்குபவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். மூல நிரல் எல்லோர் கண்முன்னும் திறந்திருந்தும் 2008 மே மாதம்தான் இது வெளியானது என்பது என்னை இன்றும் உலுக்குகிறது.

திருத்தம் புதிய சாவிகளுக்கு மட்டுமே வலிமை தந்தது. பழைய பலவீனமான சாவியை ஏற்றுக்கொள்ளும் சர்வர், டெபியனே இல்லாவிட்டாலும், திறந்த வீடுதான். அங்கிருந்தும் அதை நீக்க வேண்டும்.