அப்பாவின் பறவை நோட்டு – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வெருலத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவருடைய நோட்டு ஒன்று கிடைத்தது. வாரா வாரம் ஹேசல்மியர் அணைக்குப் போய், பார்த்த பறவைகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். 2015 பக்கங்கள்தான் குழப்புகின்றன. அணை வற்றி, எங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருடம் அது. ஆனால் அந்த வருடம்தான் அவர் நிறையப் பறவை எழுதியிருக்கிறார். கொக்கும் கரண்டிவாயனும் பக்கத்துக்குப் பக்கம். வறட்சி பறவைகளுக்குக் கெடுதல் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அப்பா தப்பாக எண்ணிவிட்டாரா? சில பக்கங்களில் தேதி, நேரம், கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். அவற்றை என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா தப்பாக எண்ணவில்லை. நானும் அந்த வருடம் அதே அணைக்கரையில் நின்று எண்ணியவன்தான், ஒருவேளை அவரைப் பார்த்துத் தலையசைத்துக்கூட இருப்பேன். ஆனால் என் நோட்டில் நான் 'பறவைக்கு நல்ல வருடம்' என்று எழுதி வைத்தேன், அது சுத்த முட்டாள்தனம்.

1904இலிருந்து வைத்திருக்கும் கணக்கில், நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் மழை மிகக் குறைந்த ஆண்டு 2015. சராசரி 403 மில்லிமீட்டர். வழக்கமாக 600ஐத் தாண்டும். பசிபிக் கடல் சூடேறி மழையைக் குலைக்கிற எல் நினோ வேறு சேர்ந்துகொண்டது. அப்போது சுற்றுவட்டாரத்தில் குட்டை, ஓடை, கரும்புத்தோட்டத்துச் சின்னச் சின்ன அணை எல்லாம் முதலில் காய்கின்றன. அங்கே பத்தும் இருபதுமாகப் பிரிந்து கிடந்த பறவைகள் மிச்சமிருக்கும் ஒரே தண்ணீருக்கு வந்து சேர்கின்றன. அந்தத் தண்ணீரும் சுருங்கச் சுருங்க மீன்கள் முழங்கால் ஆழத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், கொக்குக்கும் நாரைக்கும் பந்தி விரித்த மாதிரி. சேறு வெளியே தெரிந்தால் உள்ளான்கள் இறங்கும். ரேஷன் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் ஊர் செழிப்பாக இருக்கிறது என்று யாராவது சொல்வோமா? நான் சொன்னேன்.

அதே பக்கங்களில் முக்குளிப்பானும் இலைக்கோழியும் எத்தனை முறை வருகின்றன என்று தேடிப் பாருங்கள். முக்குளிப்பானுக்கு முங்க ஆழம் வேண்டும், இலைக்கோழிக்கு நடக்க மிதக்கும் இலை வேண்டும். என் நோட்டில் இரண்டும் ஆகஸ்டுக்குப் பிறகு காணோம், வந்திருந்த கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை.

வீட்டு வாசலிலேயே இதைப் பார்க்கலாம். ஹடிடா, ஜூலு மொழியில் இன்கன்கானே, காலை ஐந்து மணிக்கு நம்மைத் திட்டி எழுப்புகிற அந்த அரிவாள் மூக்கன். அதன் அலகு நுனியில் நுண்ணிய குழிகள் உண்டு, மண்ணுக்குள் புழு நெளியும் அதிர்வை அவற்றால் உணர்ந்துதான் இரை தேடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது பலிக்கும். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் புல்தரை அந்த வருடம் சிமென்ட் போல இறுகிப்போனது. ஒரு ஹடிடா நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி நிற்கும், அப்புறம் இன்னும் நாலு குத்து, அலகு அரை விரல்கூட இறங்காது. தெருமுனையில் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் மீட்டரைச் சுற்றி மட்டும் பதினோரு ஹடிடா. நாங்கள் வாளியோடு வரிசையில் நிற்க, அவை எங்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கும். பிறகு ஒருநாள் குழாயைச் சரிசெய்தார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சத்தமே இல்லை. அந்தத் தெருவை மட்டும் எண்ணியவனுக்கு ஹடிடா ஒரே ராத்திரியில் அழிந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

மைனாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து 1860இல் இங்கே வந்தார்கள், அதற்குச் சுமார் நாற்பது வருடம் கழித்து டர்பனில் இந்த மைனாவும் குடியேறியது. குப்பைத்தொட்டி இருக்கும் வரை அதற்கு வறட்சி கிடையாது. (நம்ம ஊர்ப் பறவை என்று பாசம் இருக்கிறது, இருந்தாலும் அது கொஞ்சம் ரவுடிதான்.)

இனி அந்தக் கோடுகள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நேரம் போட்டுவிட்டுக் கோடு இழுத்திருக்கிறார் என்றால், போயிருக்கிறார், நின்றிருக்கிறார், எழுதும்படி ஒன்றும் படவில்லை. இந்த நாட்டில் 2007இலிருந்து இரண்டாவது பறவை அட்லஸ் திட்டம், அதாவது எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை, நடக்கிறது. வரைபடத்தை அட்சத்தில் ஐந்து, தீர்க்கத்தில் ஐந்து நிமிடக் கட்டங்களாகப் (இங்கே நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிரித்து, ஒரு கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்றி, கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் பட்டியல் போட வேண்டும். ஒரு பறவை எத்தனை பட்டியலில் இருக்கிறது, எத்தனையில் இல்லை என்ற விகிதத்தை வைத்துத்தான் அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறார்கள். தேடியும் கிடைக்காததுதான் அங்கே பாதிக் கணக்கு. எந்த அட்லஸிலும் சேராமல் அப்பா அதைத் தானாகவே செய்திருக்கிறார்.

இன்னொன்று, அக்டோபர் பக்கங்களில் செந்நெஞ்சுக் குயில் முதலில் கூவிய தேதி இருக்கிறதா? ஜூலுக்காரர்கள் அதை உபேசுகோம்கோனோ என்பார்கள், மண்வெட்டியைத் தோளில் எடு, உழவுக்கு நேரமாகிவிட்டது என்று அது சொல்வதாகக் கணக்கு. 2015இல் குயில் தன் நேரத்துக்கு வந்து கூவியது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி அதை நம்பிச் சோளம் போட்டார், மழை வரவில்லை, திரும்பப் போட்டார். குறித்த தேதி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், டர்பன் ஈரத்துக்கு நோட்டு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், கோடு மட்டும் இருக்கிற பக்கங்களையும் சேர்த்து.