தரப் பொறுப்போடு இயந்திரப் பாதுகாப்பையும் கொடுத்தால் ஏற்கலாமா?

உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தர உறுதி அதிகாரி வேலை, நியமனக் கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது, இயந்திரப் பாதுகாப்பையும் நானே பார்க்க வேண்டுமாம், ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் ஒன்று வேலை இரண்டா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும். என்னைக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் தரம் பார்த்தவன். தேயிலையைக் காயவைக்கும் ட்ரையரிலிருந்து சல்லடை அறைக்குத் தூள் போகும் பெல்ட்டின் உருளையை ஒரு தகடு மூடியிருக்கும். அதில் பாதி போல்ட் இல்லை, கம்பியால் கட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு அக்கா குனிந்து கூட்டுவார். பதிவேட்டில் எழுதினேன். "கொழுந்து குறையட்டும் தம்பி, பார்ப்போம்" என்றார் பெக்டரியை நடத்தும் டீமேக்கர். இயந்திரங்களுக்குக் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் பூசை தவறாத பெக்டரிதான், தகட்டுக்கு மட்டும் போல்ட் இல்லை.

ஒருநாள் சல்லடைக்கு முன்னால் இருக்கும் காந்தத்தைத் துடைத்தபோது, வழக்கமான இரும்புத் துகளோடு துருப்பிடித்த நட்டு ஒன்றும் ஒட்டியிருந்தது. அந்தத் தகட்டுடையதுதான். நட்டு கிடைத்தது, சரி, போல்ட் எங்கே? அந்த இன்வொய்ஸ் முழுவதையும், அதாவது ஏலத்துக்குப் போகவிருந்த அந்தத் தொகுதித் தூள் முழுவதையும், நிறுத்தி வைத்தேன். மறுநாளே ஃபிட்டர் வந்துவிட்டார். அக்காவின் கைக்காக வராதவர், கொழும்பு ஏலத்துக்குப் போகிற தூளுக்காக வந்தார். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடலாம் என்றார். வேண்டாம், அது கழன்று விழுந்தால் காந்தம் சரியாகப் பிடிக்காது, சாதாரண இரும்பிலேயே கழலாத நட்டாகப் போடுங்கள் என்றேன்.

தரநிலைகளில் ஐஎஸ்ஓ 22000 உணவுப் பாதுகாப்புக்கு, 45001 தொழிலாளியின் பாதுகாப்புக்கு, இரண்டையும் குழப்பாதே என்று யாராவது வருவீர்கள். தெரியும் ஐயா. சுழலும் பாகத்துக்கு மறைப்பு வேண்டும் என்பது இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. பெரிய இரசாயன ஆலைகளில் இரண்டுக்கும் தனித்தனி ஆள் வேண்டியிருக்கலாம், அதில் நான் வாதாட வரவில்லை. சின்ன பெக்டரியில் ஒரே ஆள் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு, தூளைக் காட்டிக் கையைக் காப்பாற்றலாம்.

ஆனால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள். உற்பத்தி மேலாளருக்குக் கீழே உங்களைப் போட்டால் சம்மதிக்காதீர்கள். துப்புரவு நேரத்தில் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி உள்ளே கை விடுகிறவரின் பையில். முதல் வாரமே இதைப் பழக்கிவிடுங்கள்.

கடிதம் வீட்டுக்கு வந்தது என்றீர்களே, கொடுத்துவைத்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, தபால் எல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு நேர்முகத் தேர்வுக்கு எனக்கு வந்த கடிதம் அந்த ஆபிசிலேயே கிடந்து, தேதி போன பிறகுதான் கைக்கு வந்தது. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாசித்ததும் எரிச்சல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.