மெரிட்ரிஷஸ் என்றால் பாராட்டு அல்ல: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரு நாவலின் நடையை விமர்சகர் 'மெரிட்ரிஷஸ்' என்று எழுதியிருந்தார். மெரிட் உள்ள நடை என்றுதானே பொருள்?

இல்லை, அது திட்டு. மேலே ஒரே பளபளப்பு, உள்ளே சரக்கில்லை என்கிறார். நீங்கள் நினைக்கும் பாராட்டுச் சொல் மெரிடோரியஸ். இரண்டுமே 'ஈட்டுதல்' என்ற ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. உழைத்து ஈட்டிய தகுதி மெரிட் ஆனது. சம்பாதிக்கிறவள் என்ற பொருளில் விலைமகளை மெரெட்ரிக்ஸ் என்றார்கள், அவளுடைய பகட்டான அலங்காரத்தை வைத்து மெரிட்ரிஷஸ் வந்தது. அந்தப் பெண்களுக்கு மொழி செய்த அநியாயம் என்றே எனக்குப் படுகிறது, ஆனாலும் சொல் அப்படியே நிலைத்துவிட்டது. யாருக்காவது சிபாரிசுக் கடிதம் எழுதும்போது மறந்தும் இதைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'வீனியல் சின்' என்பதை 'ஊழல் பாவம்' என்று மொழிபெயர்த்தேன். எடிட்டர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

எடிட்டர் பக்கம்தான் நியாயம். ஊழலைக் குறிப்பது வீனல். அதோடு ஒரு 'ஐ' எழுத்து கூடினால் வீனியல், அதற்கு மன்னிக்கத்தக்கது என்று பொருள். வீனலுக்கு லத்தீன் வேர் விற்பனை, வீனியலுக்கு மன்னிப்பு. பார்வைக்கு அக்கா தங்கை போல இருந்தாலும் பொருளில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் மொழியில் வீனலுக்கு அச்சு அசலான வழக்கு ஏற்கெனவே இருக்கிறது: 'விலைபோன அதிகாரி' என்கிறோமே, அதேதான். வீனியல் சின் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அற்பப் பாவம் என்பார்கள், அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது சாவான பாவம். புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை, அற்பப் பாவம் என்றே போடுங்கள்.

கேள்வி: 'நாய்சம்' என்றால் சத்தம் மிகுந்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தொந்தரவு செய்யும் 'அனாய்' என்ற சொல்லின் தலை உதிர்ந்து வந்தது இது. அருவருப்பானது, கெடுதலானது என்று பொருள், பெரும்பாலும் துர்நாற்றத்துக்கே வரும்.

கேள்வி: டர்பிட், டர்ஜிட் இரண்டையும் எத்தனை தடவை படித்தாலும் மாறிப்போகிறது.

மாறத்தான் செய்யும், இரண்டுமே தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை. மழைக்குப் பிறகு குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மண்துகள் மிதந்து மறுபக்கம் தெரியாமல் இருக்கும். அந்தக் கலங்கல்தான் டர்பிட், தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் டர்பிடிட்டி என்று அளப்பதும் அதைத்தான். அதே தண்ணீரை வாடித் தொங்கும் செடிக்கு ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் இலை விறைத்து நிமிரும், செல்லுக்குள் நீர் ஏறிப் புடைத்திருப்பதால். அது டர்ஜிட். விஷயத்தைவிடச் சொல் புடைத்து நிற்கும் நடையையும் டர்ஜிட் என்பார்கள்.

கேள்வி: 'டாக்டர் இந்த மாத்திரையை ப்ரோஸ்க்ரைப் செய்தார்' என்பது சரியா?

அப்படி எழுதினால் டாக்டர் அந்த மாத்திரையைத் தடை செய்துவிட்டார் என்று ஆகும். எழுதிக் கொடுப்பது ப்ரிஸ்க்ரைப். ப்ரோஸ்க்ரைப் ரோமிலிருந்து வந்த கடுமையான சொல். கி.மு. 82-ல் ரோமத் தளபதி சுல்லா தன் எதிரிகளின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டவைத்தான். பெயர் இருந்தவனை யாரும் கொல்லலாம், சொத்து பறிமுதல். அப்படி எழுதி ஒட்டியதுதான் பிற்பாடு தடைசெய்தல் என்ற பொருளுக்கு வந்தது.

கேள்வி: இன்டர்மென்ட், இன்டர்ன்மென்ட் இரண்டும் ஒரே சொல்லின் இரு ஸ்பெல்லிங்கா?

வேறு வேறு சொற்கள். முதலாவது அடக்கம் செய்வது, லத்தீனில் மண்ணைக் குறிக்கும் டெர்ரா அதற்குள் இருக்கிறது. நடுவில் 'என்' எழுத்து கூடுதலாக வரும் இரண்டாவது, விசாரணையில்லாமல் காவலில் அடைப்பது. அமெரிக்காவில் 1942-ல் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவைத் தொடர்ந்து ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்களே, அது இன்டர்ன்மென்ட். அதைப் பற்றிய கட்டுரையில் ஓர் எழுத்து விட்டுப்போனால் அத்தனை பேரையும் புதைத்ததாக ஆகிவிடும். ஸ்பெல்செக் இரண்டையும் சரி என்றே விட்டுவிடும், அதனால் அந்த ஓர் எழுத்தை நீங்களே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.